காடியின் மேல் படரும் ஆடை



இரவுச் சந்தையிலும் பேரங்காடியிலும் 'நாத்தா டி கோக்கோ' என்னும் பெயரில் விற்கப்படும் வெண்ணிறத் துண்டுகளை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். லைச்சி பானத்தில் மிதக்கும், பல்லுக்கிடையே வழுக்கும், சற்று முயன்றுதான் மெல்ல வேண்டும். அது எதனால் ஆனது என்று வகுப்பில் வினவினால் "தேங்காய்" என்பர் சிலர். "அகார் அகார்" என்பர் பலர். உண்மையில் அது தேங்காய்ப் பருப்பும் அன்று, கடற்பாசியும் அன்று. தேங்காய் நீரில் வளர்ந்த ஒருவகைப் பாக்டீரியா நெய்து தந்த செல்லுலோஸ். நாம் உடுத்தும் பருத்தித் துணியும் எழுதும் காகிதமும் எப்பொருளால் ஆனவையோ அதே பொருள்.

இதைச் சொன்னதும் ஆசிரியர் அறையில் எழும் முதல் மறுப்பு, "செல்லுலோஸ் தாவரத்துக்கு உரியதாயிற்றே?" என்பதாகும். சற்றுச் சிந்திப்பவர் மற்றொன்றும் கேட்பார். "பாக்டீரியா ஓரணு உயிர், தனித்தனியே வாழ்வது. அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய துணி?" முதல் கேள்விக்கு 1886ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு விடை கிடைக்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. விடை கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தும் ஏன் இத்தனை காலம் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். ஆறாம் ஆண்டில் நுண்ணுயிர்கள் பற்றிப் போதிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு இது பயன்படலாம். பெற்றோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

கதை காடிப் பானையில் தொடங்குகிறது. வடிகட்டாத காடியைத் திறந்த கலத்தில் சில வாரங்கள் அசையாமல் வைத்தால், அதன் மேற்பரப்பில் பாலாடை போன்ற ஒரு தோல் படர்வதுண்டு. நாளாக நாளாக அது தடிக்கும். கையில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும். இழுத்தால் எளிதில் கிழியாது. பிரெஞ்சு மக்கள் இதைக் 'காடியின் தாய்' என்று அழைத்தனர். இங்கிலாந்தில் 'காடிச் செடி' என்றனர். சர்க்கரைக் கரைசலில் இத்தோலின் ஒரு துண்டை இட்டு வீட்டிலேயே காடி செய்துகொள்ளும் வழக்கம் அங்கு இருந்தது. தமிழில் பாலின் மேல் படர்வதும் ஆடை, உடம்பில் உடுத்துவதும் ஆடை. இந்தக் காடித் தோலுக்கு அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும். ('நாத்தா' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கும் பாலாடை என்றுதான் பொருள்.)

அது உயிரா, வெறும் கசடா என்பதே நீண்ட காலம் தெளிவாகவில்லை. 1822இல் பெர்சூன் என்னும் பூஞ்சையியலாளர் இத்தகைய படலங்களுக்கு 'மைக்கோடெர்மா' என்று பெயரிட்டார். பூஞ்சைத் தோல் என்பது அதன் பொருள். 1860களில் லூயி பாஸ்டர் இந்த ஆய்வில் இறங்கினார். மதுசாரம் காற்றுப்பட்டு வெறும் வேதிமாற்றத்தால் காடியாகிறது, உயிருக்கு அதில் வேலை இல்லை என்று ஜெர்மானிய வேதியியல் பேரறிஞர் லீபிக் வாதிட்ட காலம் அது. பாஸ்டர் அதை மறுத்து, மேற்பரப்பில் படரும் நுண்ணுயிரே மதுசாரத்தைப் புளிக்கச் செய்கிறது என்று நிறுவினார். காடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஓர்லெயான் நகர உற்பத்தியாளர்களுக்கு அவர் ஆற்றிய உரையும், 1868இல் வெளிவந்த அவருடைய நூலும் இன்றும் பேசப்படுகின்றன. ஆயினும் பாஸ்டருக்கும் ஆலைக்காரர்களுக்கும் வேண்டியிருந்தது காடிதான். தோல் எதனால் ஆனது என்னும் ஆராய்ச்சி அவர்களின் கவலையாக இருக்கவில்லை. தடித்து, பாரம் தாங்காமல் தொட்டியின் அடியில் அமிழும் தோல் அவர்களுக்கு ஒரு தொல்லை.

இதற்கிடையே வேறோர் இடத்தில் செல்லுலோஸ் என்னும் பொருள் அடையாளம் காணப்பட்டிருந்தது. 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் பல்வேறு தாவரத் திசுக்களைத் தூய்மை செய்து பார்த்தபோது எல்லாவற்றிலும் எஞ்சியது ஒரே பொருள் என்று கண்டார். 'செல்லுலோஸ்' என்னும் பெயர் அப்போது வந்தது. அந்நாள் முதல் அது தாவரத்தின் அடையாளமாயிற்று. 1845இல் கார்ல் ஷ்மிட் என்பவர் ட்யூனிகேட் என்னும் கடல் விலங்கின் மேலுறையிலும் அதையே கண்டறிந்தார் என்பது வேறு செய்தி. பாடநூல்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. விதிவிலக்குகளைப் பாடநூலில் சேர்க்க நாம் எப்போதுமே தயங்குகிறோம் அல்லவா?

இனி 1886க்கு வருவோம். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரம் பீர் வடிப்பதற்குப் பெயர்பெற்றது. அங்கே ஆலை ஒன்றில் வேதியியலாளராகப் பணியாற்றியவர் ஏட்ரியன் ஜான் பிரவுன். பீர் புளித்துக் காடியானால் ஆலைக்குப் பெருநட்டம். ஆகவே காடிப் பாக்டீரியாவை ஆராய்வது அவருடைய தொழிற்கடமை. காடிச் செடியிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தனியே பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்த்தார். தோல் மீண்டும் படர்ந்தது. பிற உயிர்கள் எவையும் கலவாத கலத்தில் படர்ந்ததால், அதை உண்டாக்கியது அந்த ஒரு பாக்டீரியாதான் என்பதில் ஐயம் இல்லை.

பின்னர்த் தோலை வேதிச் சோதனைக்கு உட்படுத்தினார். செல்லுலோஸைக் கரைக்கவல்லது என்று அப்போது அறியப்பட்டிருந்த செம்பு அம்மோனியக் கரைசலில் அது கரைந்தது. கந்தக அமிலத்தால் சிதைத்தபோது சர்க்கரை கிடைத்தது. இலண்டன் வேதியியல் கழகத்தின் ஆய்விதழில், செல்லுலோஸ் உண்டாக்கும் ஒரு காடிப் புளிப்பி என்று தலைப்பிட்டே கட்டுரையை வெளியிட்டார். அந்த உயிருக்கு அவர் சூட்டிய பெயர் 'பாக்டீரியம் சைலினம்'. லத்தீன் மொழியில் சைலினம் என்பது பருத்தியைக் குறிக்கும். அப்பெயர் அசிட்டோபேக்டர், குளுக்கோனசிட்டோபேக்டர் என மாறி மாறி, 2012இல் முன்மொழியப்பட்ட புதிய பகுப்பின்படி இன்று கொமகட்டெய்பேக்டர் சைலினஸ் என்று வழங்குகிறது. முற்பகுதி எத்தனை முறை மாறினாலும் பிரவுன் இட்ட பருத்தி மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

பிரவுன் சாதாரண ஆள் அல்லர். 1902இல் நொதிகள் எவ்வாறு வினைபுரிகின்றன என்பது பற்றி அவர் எழுதியது நொதியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆயினும் அவருடைய செல்லுலோஸ் பாக்டீரியா ஒரு வியப்புக்குரிய விதிவிலக்காகவே நெடுங்காலம் கிடந்தது. ஏன் நெய்கிறது என்று கேட்டவர் மிகச் சிலர்.

இதற்குக் காரணம் ஒன்று உண்டென்று நான் கருதுகிறேன். பிரவுன் எழுதிய அதே பத்தாண்டில்தான் ராபர்ட் காக் பாக்டீரியாவைத் தனித்துப் பிரித்துத் தூய்மையாக வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1882இல் காசநோய்க் கிருமி, தொடர்ந்து காலரா என்று வெற்றிமேல் வெற்றி. அம்முறை கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. அதைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. ஆனால் அம்முறை ஆய்வாளர்களின் கண்ணைப் பழக்கிய விதம் வேறு. ஒரே இனம், சத்துமிக்க நீர்மம், பின்னாளில் வழக்கத்திற்கு வந்த குலுக்கும் குடுவை. இச்சூழலில் பாக்டீரியா தனித்தனியே நீந்தும். பரப்பில் ஒட்டியதையும் திரண்டு படர்ந்ததையும் 'வளர்ப்பு கெட்டுவிட்டது' என்று கொட்டிவிடுவார்கள். தனித்து வாழும் உயிர் என்ற வாசகம் அந்தக் குடுவையைப் பார்த்து எழுதப்பட்டது.

வெளியே பார்த்தவர் இல்லாமல் இல்லை. 1930களில் ஆர்தர் ஹென்ரிச்சி கண்ணாடித் தகடுகளை நீரில் அமிழ்த்தி வைத்துப் பார்த்து, பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஒட்டியே வளர்கின்றன என்று எழுதினார். 1943இல் குளோட் சோபெல் கடல்நீரில் இதையே கண்டார். 1978இல் கனடாவின் பில் காஸ்டர்டனும் அவருடைய தோழர்களும் பாக்டீரியா எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது என்று பொதுமக்களுக்கான அறிவியல் இதழில் விரிவாக எழுதிய பிறகே இக்கருத்து பரவலாயிற்று. தாமே சுரந்த பசையில் புதைந்து, ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு, திரளாக வாழும் இந்தக் குடியிருப்பை இன்று உயிர்ப்படலம் என்கிறோம். ஆனால் இவர்கள் ஒரு பக்கம், காடிப் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள் மறு பக்கம். இருவரும் சந்திக்க வேறொரு வழி தேவைப்பட்டது.

அவ்வழி ஜெருசலத்தில் திறந்தது. அங்குள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஷ்லோமோ ஹெஸ்ட்ரின் 1940களிலிருந்து பிரவுனின் பாக்டீரியாவை ஆராய்ந்துவந்தார். 1954இல் அவரும் ஷ்ராமும் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளம். அவர்கள் வகுத்த வளர்ப்புக் கரைசல் (குளுக்கோஸ், பெப்டோன், ஈஸ்ட் சாறு, சிறிது பாஸ்பேட்டு, சிறிது சிட்ரிக் அமிலம்) இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயரால் கலக்கப்படுகிறது.

அவர்கள் கூறியவற்றுள் இரண்டு செய்திகள் நம் கதைக்கு உயிர்நாடி. இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று இன்றியமையாதது. கலத்தின் அடியில் காற்று இல்லை. தான் நெய்யும் ஆடையே அதைத் தெப்பம் போல் தாங்கி, காற்றும் உணவும் சந்திக்கும் மேற்பரப்பில் வைத்திருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மற்றது, கலத்தை அசையாமல் வைக்காமல் குலுக்கிக்கொண்டே வளர்த்தால் நேர்வது. சில தலைமுறைக்குள் செல்லுலோஸ் நெய்யாத மாற்றுருக்கள் தோன்றிப் பெருகிவிடுகின்றன. காரணம் எளிது. குலுக்கும் கலத்தில் எல்லாருக்கும் காற்று தானாகவே கிடைக்கிறது. நெய்பவன் சர்க்கரையைத் துணிக்குச் செலவழிக்கிறான்; நெய்யாதவன் அதையே உண்டு விரைவாகப் பெருகுகிறான். தறியைக் கைவிட்டவனுக்கே அங்கு வாழ்வு.

இதே உண்மையைப் பிலிப்பீன்ஸ் மக்கள் தொழிலில் கண்டிருந்தனர். 1949இல் தியோடுலா காலாவ் ஆப்ரிக்கா என்னும் அந்நாட்டு வேதியியலாளர், அன்னாசிச் சாற்றுக்குப் பதில் தேங்காய் நீரைக் கொண்டு நாத்தா செய்யும் முறையை உருவாக்கினார். தேங்காய் நீர், சர்க்கரை, சிறிது காடி அமிலம் ஆகியவற்றை அகன்ற தட்டில் ஊற்றி, முந்தைய வளர்ப்பின் நீரைச் சேர்த்து மூடி வைப்பர். ஓரிரு வாரத்தில் விரல் தடிமனுக்கு ஆடை படரும். அதுவரை தட்டை அசைக்கக்கூடாது. அசைத்தால் ஆடை ஒரே சீராகப் படராது. பின் நறுக்கி, பலமுறை கழுவிக் கொதிக்கவைத்துப் புளிப்பைப் போக்குவர். நாம் உண்ணும் துண்டில் பெரும்பகுதி நீர். அந்நீரைப் பிடித்துவைத்திருப்பது மிக மெல்லிய செல்லுலோஸ் இழைகளின் வலை.

இந்த இழையின் நுணுக்கத்தைப் பற்றி ஒரு சொல். 1976இல் மால்கம் பிரவுனும் உடனாய்வாளர்களும் (பர்ட்டன் பிரவுனுக்கும் இவருக்கும் தொடர்பு இல்லை) ஒவ்வொரு பாக்டீரியாவின் உடலிலும் நீளவாக்கில் வரிசையாக அமைந்த நுண்துளைகளிலிருந்து இழைகள் வெளிவந்து, ஒன்றாய்த் திரண்டு, நாடாவாக நீள்வதைக் காட்டினர். ஓர் உயிரணு ஒரு விநாடியில் ஏறத்தாழ 2 லட்சம் குளுக்கோஸ் அலகுகளைக் கோக்கவல்லது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துத் தறி எதுவும் இதன் அருகே வர முடியாது.

ஆனால் உயிரணுவை உடைத்து, அந்தச் சாற்றைச் சோதனைக் குழாயில் வைத்து, "இப்போது நெய்" என்றால் அது நெய்ய மறுத்தது. 1958இல் லூயிஸ் கிளேசர் சிறிதளவு நெய்ய வைத்தார். வேகமோ மிகக் குறைவு. உயிருள்ள பாக்டீரியாவிடம் உள்ள ஏதோ ஒன்று சாற்றில் தொலைந்துபோயிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, ஹெஸ்ட்ரினின் பல்கலைக்கழகத்தில் அப்பணியைத் தொடர்ந்த மோஷே பென்ஸிமானின் குழு 1982இல் ஒரு துப்புக் கண்டது. ஜி.டி.பி. என்னும் சிறு மூலக்கூற்றையும், சாற்றிலிருந்து பிரித்த ஒரு புரதத்தையும் சேர்த்தால் தறி முழு வேகத்தில் ஓடியது. அப்புரதம் என்ன செய்கிறது? ஐந்தாண்டுத் தேடலுக்குப் பின் 1987இல் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. அது இரண்டு ஜி.டி.பி. மூலக்கூறுகளை இணைத்து, வளையமாக மூடி, அதுவரை எவரும் அறியாத ஒரு புதிய மூலக்கூற்றை உண்டாக்குகிறது. சைக்ளிக் டை ஜி.எம்.பி. என்பது அதன் பெயர். தறிக்கு ஆணையிடுவது அந்த வளையம். வளையம் பெருகினால் தறி ஓடும். வேறொரு நொதி வளையத்தை வெட்டினால் நிற்கும்.

அக்கட்டுரையைக் காடிப் பாக்டீரியாவில் ஆர்வமுள்ள சிலரே ஆழ்ந்து படித்தனர். பத்தாண்டுக்கு மேல் அது ஒரு மூலையில் கிடந்தது. 1998இல் அதே குழுவினர் வளையத்தைச் செய்யும் நொதிக்கும் வெட்டும் நொதிக்கும் உரிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். அக்காலத்தில்தான் பாக்டீரியாக்களின் முழு மரபணுத் தொகுதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு வந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதே நொதிகளுக்கான மரபணு காலரா பாக்டீரியாவில் இருந்தது; சால்மோனெல்லாவில் இருந்தது; ஈ. கோலையில் இருந்தது. சில இனங்களில் பத்து இருபதுக்கும் மேல் இருந்தன. காடிக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

நீந்தலாமா, நிலைகொள்ளலாமா என்னும் முடிவுதான் தொடர்பு. வளையம் குறைந்தால் பாக்டீரியா நீந்தித் திரியும். பெருகினால் நீந்துவதை நிறுத்திப் பசையையும் இழையையும் சுரந்து குடியிருப்பு கட்டும். பாக்டீரியாக்களில் மிகப் பரவலாக வழங்கும் இந்த ஆணைமொழியை நோய்க்கிருமி எதிலும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு காடிப் பாக்டீரியாவிடமே கண்டுபிடித்தார்கள். எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு அன்று உறுதியான விடை கூற முடியாத ஓர் ஆய்வு, தலைமுறை தாண்டித் தொடர்ந்ததால் கிடைத்த பேறு இது.

இழையும் வந்து சேர்ந்தது. செடியின் மீது ஒட்டும் சில மண் பாக்டீரியாக்கள் செல்லுலோஸ் இழை விடுவது முன்னரே தெரியும். 1998இல் ஆக்ஸ்போர்டில் ரெய்னியும் டிராவிசானோவும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை இரு வகையாக வளர்த்தனர். குலுக்கிய கலத்தில் அது மாறாமல் அப்படியே இருந்தது. அசையாத கலத்திலோ சில நாள்களுக்குள் சுருக்கம் விழுந்த புதிய வகை தோன்றி, மேற்பரப்பில் பாய் விரித்துக்கொண்டது. அந்தப் பாயின் இழை செல்லுலோஸ் வகையைச் சேர்ந்தது என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. பாயில் நெய்யாத சோம்பேறிகளும் தோன்றிப் பெருகுவர். இறுதியில் பாரம் தாங்காமல் பாய் அமிழும். ஹெஸ்ட்ரினின் குடுவையில் நடந்ததை ஒப்புநோக்குக.

2001இல் ஊட்டே ரோம்லிங்கும் உடனாய்வாளர்களும் சால்மோனெல்லாவிலும் ஈ. கோலையிலும் அதையே கண்டனர். காங்கோ சிவப்பு என்னும் சாயம் கலந்த தட்டில், 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இவை சிவந்து உலர்ந்து சொரசொரப்பான மடிப்புகளாக வளர்கின்றன. மடிப்புக்குக் காரணம் இரண்டு: சுருள்புரத இழை ஒன்று, செல்லுலோஸ் மற்றொன்று. புரத இழையை நீக்கினால் தட்டு இளஞ்சிவப்பு. செல்லுலோஸை நீக்கினால் பழுப்பு. இரண்டையும் நீக்கினால் வெண்ணிறமான, மழமழப்பான சாதாரண வளர்ப்பு. நூறாண்டுக் காலம் பாடநூல் படங்களில் நாம் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பாக்டீரியா ஈ. கோலை. அது செல்லுலோஸ் நெய்வது 2001 வரை எப்படிக் கண்ணில் படவில்லை? இதற்குரிய விடை என்னைப் பல நாள் சிந்திக்கவைத்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் கே-12 என்னும் வகை, 1922இல் கலிபோர்னியாவில் ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்டது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடத்திலேயே வளர்ந்தது. 2013இல் பெர்லினில் ரெகினே ஹெங்கேயின் குழு, கே-12இன் செல்லுலோஸ் மரபணுத் தொகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போயிருப்பதைக் காட்டியது. அந்த ஓர் எழுத்தால் தறி முழுவதும் நின்றுவிட்டது. எழுத்தைத் திருத்தியதும் பாக்டீரியா மீண்டும் நெய்தது; தட்டில் மடிப்பு மடிப்பாக எழுந்தது. ஆக, பாக்டீரியாவின் இயல்பு என்று உலகம் எதைப் படித்ததோ, அது நெய்தலை மறந்த ஒரு வகையின் இயல்பு.

அதே 2013இல் ஜோகன் ஸிமரின் குழு இன்னொரு பாக்டீரியாவிலிருந்து தறியையே படிகமாக்கி, அதன் உருவத்தை வெளியிட்டது. குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கோத்து, கோக்கக் கோக்கச் சவ்வுக்கு வெளியே தள்ளும் குழாய் அது. வாயிலில் ஒரு சிறு கதவு. பென்ஸிமானின் வளையம் வந்து அமர்ந்தால்தான் கதவு விலகும் என்பது மறு ஆண்டு தெளிவாயிற்று. 2018இல் இன்னும் ஒரு வியப்பு. ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் நெய்வது வெறும் செல்லுலோஸ் அன்று; பாஸ்போஎத்தனோலமைன் என்னும் சிறு குழு ஆங்காங்கே தைக்கப்பட்ட செல்லுலோஸ். வழக்கமான சோதனைகளில் சிக்காத அதை, படலத்தைக் கரைக்காமலே ஆராயும் முறையால் கண்டனர்.

இனிப் பெற்றோர்க்கு உரிய பகுதி. ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று 2002இல் செல்லுலோஸ் நெய்ய முடியாத சால்மோனெல்லாவை உருவாக்கிச் சோதித்தது. நோய் உண்டாக்கும் ஆற்றல் அதற்குக் குறையவில்லை. ஆனால் குளோரினுக்கு அது எளிதில் மடிந்தது. அதாவது, அந்த ஆடை உடலைத் தாக்குவதற்கான ஆயுதம் அன்று. வெட்டுப்பலகையிலும் தொட்டியிலும் குழாயிலும் உயிர் பிழைப்பதற்கான போர்வை. 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: உடலுக்குள் புகுந்த சால்மோனெல்லா தன் செல்லுலோஸ் உற்பத்தியை அடக்கிவைத்தால்தான் கடுமையாகத் தாக்க முடிகிறதாம்.

போர்வையைப் பற்றி முதலில் எழுதியவர் பிரவுனுக்கு இருநூறாண்டு முந்தியவர். ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் பல்லிடுக்கு அழுக்கை உருப்பெருக்கியில் பார்த்து எழுதிய மடல் 1684இல் அச்சாயிற்று. காடியால் பல்லைக் கழுவிப் பார்த்தபோது, அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள் மட்டுமே மடிந்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன என்று அவர் குறித்திருக்கிறார். பல் அழுக்கின் பசை செல்லுலோஸ் அன்று. நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்றவை செய்யும் வேறுவகைக் குளுக்கோஸ் சங்கிலி. ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு நூலில் நெய்கிறது.

சென்ற ஆண்டு பெற்றோர் ஒருவர், "தண்ணீர்ப் புட்டியில் சுடுநீர் ஊற்றிக் குலுக்கினால் போதாதா, டீச்சர்?" என்று கேட்டார். புட்டியின் உட்சுவரில் விரல் வைத்தால் வழுக்குகிறதே, அதுவும் ஓர் உயிர்ப்படலந்தான். நீரை ஊற்றிக் குலுக்கும்போது நீந்துபவை வெளியேறும். ஒட்டியவை இருந்த இடத்திலேயே இருக்கும். வெளுப்பு மருந்தும் முதலில் போர்வையோடுதான் போராடும். ஆகவே சவர்க்காரம் இட்டுத் தூரிகையால் தேய்த்துப் போர்வையைக் கிழிக்க வேண்டும். அதன் பிறகு சுடுநீரில் அலசலாம், அந்தப் புட்டி சுடுநீரைத் தாங்குமானால். உறிஞ்சுகுழாய்க்குள் நுழையும் மெல்லிய தூரிகை வீட்டுப்பொருள் கடைகளில் கிடைக்கிறது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பெரும்பாலும் கறுப்பு படிவது அங்கேதான். கழுவிய புட்டியை மூடாமல், கவிழ்த்து, இரவு முழுவதும் உலரவிடுங்கள்.